இரண்டாவது கையெழுத்து

ஆகஸ்ட் 3, சனி

தேதி போடு, யார் வந்தார்கள் என்று எழுது, அவர்கள் பேசினதைப் பேசின மாதிரியே எழுது. வக்கீலாக இருக்கிற பொண்ணு ரெஜினா இப்படிச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள், எழுத்து கோணலாக வரும் என்றேன். "கோணலா இருந்தா என்னக்கா, நடந்ததா இருந்தா போதும்" என்றாள்.

இன்று யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எதற்காக எழுதுகிறேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எழுபது நாள் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய படகு கடலுக்குப் போகாது, அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊருக்குக் கழிமுகம்தான் சோறு. அனல் மின் நிலையத்துக்காரர்கள் கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடுகிறார்கள். அந்தக் குழாய் கழிமுகத்தைத் தாண்டிப் போகிறது. அது உடைந்து, சாம்பல் ஒழுகி, தண்ணீருக்கு அடியில் படிந்துவிட்டது. பார்த்தால் மணல் மாதிரி இருக்கும். கால் வைத்தால் நெஞ்சு வரை இழுக்கும். அவர் நண்டு வலையோடு தண்ணீர் வடிகிற வத்தத்தில் இறங்கினார். திரும்ப ஏத்தம் வந்து தண்ணீர் ஏறினபோதும் அங்கேயே நின்றிருக்கிறார்.

குளிப்பாட்டும்போது காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் சாம்பல் வந்துகொண்டே இருந்தது. ஒன்பது குடம் ஊற்றினோம். அப்புறமும் வந்தது.

குழாய் நன்றாகத்தான் இருந்தது, ஆள் குடித்திருந்தார் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் குடித்து நான் பார்த்தது எங்கள் கல்யாணத்தன்று மட்டும்.

இந்த மின் நிலையம் கட்டக் கடன் கொடுத்தது வெளிநாட்டில் இருக்கிற ஒரு பெரிய வங்கியாம். அவர்கள் பணத்தால் ஜனங்களுக்குக் கெடுதல் நடந்தால் அந்த வங்கியிலேயே முறையிடலாமாம், விசாரிக்கத் தனியாக ஒரு பிரிவு உண்டாம். ஆனால் ஒருத்தர் போதாது. ஊரில் இருக்கிறவர்கள் இரண்டு பேராவது கையெழுத்துப் போட வேண்டும். நானும் கீழத்தெரு நாகூரான் மாமாவும் போட்டோம். பேரைக் கறுப்பு மை பூசி மறைத்துத்தான் வெளியே விடுவார்கள் என்று ரெஜினா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். மனுவில் நான் முதல் ஆள், மாமா இரண்டாவது ஆள்.

இது என் மகள் பவதாரணிக்கு மட்டும் தெரியும். நர்சிங் படிக்கிறாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வந்தது என் அண்ணன் கலியமூர்த்தி. ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்தான். அண்ணன் மின் நிலையத்தில் குழாய் வேலை காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறான். நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறான், ஊரில் மரியாதை உண்டு.

"யாரோ ரெண்டு பேரு வெளிநாட்டுக்கு மனு போட்டிருக்கான் அஞ்சலை. கம்பெனிய மூடிட்டா நாப்பது வூட்ல உலை ஏறாது. யாருன்னு காதுல எதுனா வுழுந்துச்சா?"

"எனக்கு என்னாண்ணே தெரியும். நான் வூட்ட வுட்டு வெளிய வந்தே ரெண்டு வாரந்தான ஆவுது."

தலையை ஆட்டினான். கழிமுகம் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான். அவர் செத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் அவன் முகம் திருப்புவதில்லை. சாவு வீட்டில் என்னைவிட அதிகம் அழுதது அவன்தான். அவ்வளவு பாசம்.

அவன் போன பிறகு ஒரு செம்பைக் கீழே போட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

தெரிந்துவிட்டது.

வங்கிக்காரர்கள் மனுவை இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். டீக்கடையில் ஒருத்தன் போனில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தானாம். பேர் இருக்கிற இடமெல்லாம் கறுப்பாம். எல்லாரும் சிரித்துக்கொண்டு நீயா நானா என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்களாம். அப்போது ஒரு வரி வந்தது. "என் கணவர் இடது கையால் வலை வீசுகிறவர்." அதோடு டீக்கடையில் பேச்சு நின்றுபோயிற்றாம்.

எங்கள் ஊரில் பீச்சாங்கையால் வலை வீசினது ஒருத்தர்தான்.

தப்பு என்னுடையது. அன்றைக்கு ரெஜினா அவர் பேரை மூன்று தடவை கேட்டாள். பெண்டாட்டி வாயால் எப்படிச் சொல்வது. மகளும் பக்கத்தில் இல்லை. "ஊருல கேட்டுப் பாரு கண்ணு, பீச்சாங்கையால வலை வீசுறவருன்னா சின்னப் புள்ளகூட சொல்லும்" என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அப்புறம் ரேஷன் கார்டு பார்த்துப் பேரைச் சேர்த்தாள். மை பூசினவர்கள் பேருக்குப் பூசினார்கள். இந்த வரி அவர்களுக்கு ஒன்றும் இல்லாத வரி.

ரெஜினாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  அவள் அழுதாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கதவைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எவ்வளவு நாள் திறக்காமல் இருப்பது. கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் ஏலத்துக்குப் போனேன். நான் விலை சொல்லச் சொல்ல ஏலக்காரர் காதில் விழாத மாதிரி அடுத்த ஆளைப் பார்க்கிறார். நாலு குவியல் போய்விட்டது. வெறும் கூடையோடு நின்றேன். பக்கத்தில் நின்றவள் மெதுவாக, "நீ ஒருத்தி தின்ன வேணாம்னா ஊரே தின்னாம கெடக்கணுமா" என்றாள். பதினைந்து வருஷம் ஒரே ஷேர் ஆட்டோவில் மடி இடிக்க உட்கார்ந்து மீன் விற்கப் போனவள்.

மாலை ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டது. மகள் அப்படியே சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வந்தது அண்ணி தவமணி, கலியமூர்த்தி அண்ணன் பெண்டாட்டி. அவள் வாய் ஊர் அறிந்தது. உள்ளே வந்ததும் வராததுமாக, "என்னா நாத்தனாரே, வெள்ளக்காரங்களுக்கு விருந்துக்கு அரிசி ஊற வச்சாச்சா?" என்றாள்.

 மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, "ஏண்டி, ஏழு மணி பஸ்ஸுக்குத் தனியா சீவி சிங்காரிச்சிட்டு நிக்கிறியே, யாரு பாக்கணும்னு? எட்டே கால் பஸ்ஸுல பத்து பொண்ணுங்க போவுது. அதுல போனா கிரீடம் எறங்கிடுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் இல்லாத பிள்ளை என்றால் எது வேண்டுமானாலும் பேசலாமா. அண்ணன் குணத்துக்கு இவளைப் போய்க் கட்டி வைத்தார்களே.

"நாளைக்கும் ஏழு மணிக்கே போ" என்று மகளிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மகள் ஏழு மணி பஸ்ஸுக்கு நின்றபோது ஒருத்தன் பைக்கில் வந்து நின்றானாம். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "உங்கம்மாவ நல்லா பாத்துக்கம்மா" என்றானாம். அவ்வளவுதான். பஸ் பின்னாலேயே கல்லூரி வரை வந்திருக்கிறான்.

மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் செருப்பு வார் அறுந்திருந்தது. எப்படி அறுந்தது என்று கேட்டேன். ஓடினேன் என்றாள்.

எட்டே கால் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கோழிக்கு நொய் இல்லை. தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்கு வந்தது, எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் நின்றது. நாகூரான் மாமாவை வழியில் பார்த்தேன். பார்க்காத மாதிரி போனார். நானும் அப்படியே போனேன். அவர் பேர் இன்னும் யாருக்கும் தெரியாது, அதுவாவது மிஞ்சட்டும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அண்ணி வந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவருடைய வலைகளைக் காயப்போட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எடுத்து வைக்க மனசு வரவில்லை. அதைப் பார்த்து அண்ணி மூக்கைச் சுளித்தாள்.

"செத்தவர் சாமான இப்படியா தொங்க வுடுவ? போறவங்க வர்றவங்க கண்ணுல படுது. தரித்திரம் என் வூட்டு வரைக்கும் வருது. இன்னைக்கே உள்ள எடுத்துப் போடு."

"என் வூட்டுக்காரர் வலை, என் வூட்டுப் பின்னாலதான் தொங்குது. உனக்கு எங்க குத்துது அண்ணி?"

"குத்தும்போது தெரியும்" என்று எழுந்து போய்விட்டாள்.

தண்ணீர் குடித்தாயா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வலைகளை எரித்துவிட்டார்கள். நாங்கள் ரெஜினாவைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நைலான் உருகிக் கட்டியாகத் தரையோடு ஒட்டிக்கிடந்தது. ஈயக் குண்டுகள் மட்டும் மிச்சம். கூரைக்கு நாலடி தூரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் பார்க்கவில்லையாம்.

அண்ணன் ஓடி வந்தான். "எந்த நாயி பண்ணதுன்னு தெரிஞ்சா கைய ஒடிச்சிடுவேன்" என்றான். பிறகு, "அதுக்குத்தான் சொல்றேன். நான் எத்தன நாளைக்குத் தடுக்க முடியும்?" என்றான்.

யாரை, என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

அண்ணன் ஒரு தாள் கொண்டுவந்தான். நான் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று டைப் அடித்திருக்கிறது. போட்டால் பவதாரணிக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையாம்.

"ஒன்னும் அவசரமில்ல. பதினெட்டாம் தேதி அந்த வெளிநாட்டுக்காரங்க வர்றாங்களாம். அதுக்குள்ள போட்டா போதும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் அஞ்சலை. நம்ம பொண்ணு தெனம் பஸ்ஸுல போய் வர்றா."

நம்ம பொண்ணு என்றுதான் சொன்னான். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பேசினதைப் பேசின மாதிரியே எழுதச் சொன்னார்கள், அதனால் எழுதினேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. நேற்று மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. ஒரு டம்ளர் பாயசம்கூட வைக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

நாகூரான் மாமா வந்தார். வாசலிலேயே நின்றார். அவர் மகனுக்கு மின் நிலைய கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது.

"எனக்கு ஒரே மகன் அஞ்சலை."

"தெரியும் மாமா."

"நேத்து வாபஸ் தாளுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். என்ன ஒரு வார்த்த திட்டிடு. போயிடறேன்."

எனக்குத் திட்ட வரவில்லை. அவர் பேரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் கேட்டேன். அவராகவே போய்ச் சொல்லிவிட்டாராம். எந்த நாள் தெரியவருமோ என்று பயந்து பயந்து தூக்கமே போய்விட்டதாம், சொன்ன அன்றைக்குத்தான் தூங்கினாராம்.

செப்டம்பர் 12, வியாழன்

ரெஜினா போனில் சொன்னாள். நான் ஒருத்தி மட்டும் என்றால் வங்கிக்காரர்கள் மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விதி அப்படி. பதினெட்டாம் தேதிக்குள் இன்னொரு பேர் வேண்டும். ஊரில் இருக்கிறவராக, கெடுதலைப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

ஊரில் யார் போடுவார்கள்.

மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கும் பதினெட்டு ஆயிடுச்சும்மா. நான் போடறேன்" என்றாள்.

அறைந்துவிட்டேன். அவளை நான் அடித்ததே இல்லை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு நான் யாரும் இல்லையா?" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனவள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். எங்கே போனாய் என்று கேட்க பயமாக இருந்தது.

செப்டம்பர் 14, சனி

யாரும் வரவில்லை. அண்ணன் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். ரேஷன் கார்டின் பின்பக்கம் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன், பேனா எழுதுகிறதா என்று. எழுதுகிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நாளைக்கு. இந்த ஊரில் பார்த்தால் ஆபத்து என்று டவுனில் ஒரு ஸ்கேன் சென்டர் மாடியில் பார்க்க ஏற்பாடு. பொம்பளைகள் ஃபைலோடு வந்து போகிற இடம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒருத்தியாக இருந்தாலும் வந்து சொல்லிவிட்டுப் போங்கள் அக்கா என்று ரெஜினா கெஞ்சினாள். மனு நிற்காது என்று அவளுக்கும் தெரியும்.

அண்ணன் தாளையும் பையில் வைத்திருக்கிறேன். எதற்கு வைத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

செப்டம்பர் 18, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தேன். நாற்காலியில் ஒருத்தி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவள்.  கண்டுபிடித்து இவளை அனுப்பி வைத்திருக்கிறார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி ஓடப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "மாடிக்கு எப்படிப் போறது? உன் பொண்ணு வந்து இடத்த சொன்னா, வழிய சொல்லல" என்றாள்.

யார் என்று எழுத மாட்டேன். இந்த நோட்டு வீட்டில் இருக்கும்.

மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா, வடநாட்டுக்காரர் ஒருத்தர், மொழிபெயர்க்க மதுரைக்காரர் ஒருத்தர். தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. மனுவை விசாரணைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்களாம். எடுத்தால் அப்புறம் விசாரணை, அது ஒன்றரை வருஷம் ஆகலாமாம். குழாய்க்கு இவர்கள் பணம் வர எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நான் சாம்பலைப் பற்றிச் சொன்னேன். காதிலிருந்து வந்ததைச் சொன்னேன். அந்த வெள்ளைக்கார அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு கூட வந்தவள் பேசினாள். கையைக் கட்டிக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். "அந்தக் குழாய் பொங்கலுக்கே ஒடஞ்சிடுச்சு. சரி பண்ணிட்டோம்னு மாசி மாசம் எழுதிக் குடுத்தாங்க. சரி பண்ணல. எழுதிக் குடுத்த ஆளுக்கு நான்தான் சோறு போட்டேன். 'ஒழுகுதே, சனங்க எறங்குற எடமாச்சே'ன்னு கேட்டேன். சாம்பல்தான, விஷமா, போடின்னாரு. மூணு மாசம் கழிச்சி ஒரு ஆளு செத்தாரு."

மொழிபெயர்ப்பாளர் முடிக்கும் வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.  

என் பேருக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை வாக்குமூலத்தை மூன்று பேர் உட்கார்ந்து, யாரென்று காட்டுகிற வரி ஒன்றுகூட இல்லாமல் சலித்து எடுத்தார்கள்.

இறங்கும்போது, "ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"எத்தன தடவ சொல்றது? பஸ்ஸ மாத்துன்னு சொன்னேன். வலைய எடுன்னு சொன்னேன். நாத்தனாருக்கு ரோஷந்தான் பெருசு."

யார் என்று எழுத மாட்டேன் என்றேன். எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

சமைக்கவில்லை. அண்ணன் என்னைவிட அதிகம் அழுதான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. அழுததும் நடந்ததுதான்.

அவன் கொடுத்த தாளை அடுப்பில் போட்டேன்.

செப்டம்பர் 21, சனி

இன்று பேரை மறைக்காமல் எழுதலாம். இந்த நோட்டு இன்றோடு ரெஜினாவிடம் போகிறது.

காலையில் அண்ணன் வந்தான். ஆப்பிள் இல்லை. உட்காரவும் இல்லை. மனு தள்ளுபடி ஆகவில்லை என்று கம்பெனிக்குச் செய்தி வந்துவிட்டதாம், இரண்டு கையெழுத்து இருக்கிறதாம்.

"நாகூரான் வெளிய வந்துட்டான். ரெண்டாவது ஆளு யாரு?"

"தெரியலண்ணே."

"உன் பொண்ணா?"

"இல்ல. எம்மேல சத்தியம்."

என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அவனை நேராகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, ஷேவ் பண்ணவில்லை. அவனும் பயந்திருக்கிறான். அது தெரிந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. பயந்தவன் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது.

"தெரிஞ்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினொரு மணிக்கு தவமணி அண்ணி வந்தாள். கையில் அரைக்கிலோ இறால்.

"உங்கண்ணன் அனுப்பிச்சாரு. நயமா பேசி, அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு உன் வாயப் புடுங்கிட்டு வரணுமாம். செலவுக்கு எறாலும் வாங்கிக் குடுத்தாரு."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அண்ணி அவளை அதட்டினாள். "என்னாடி பாக்கிற, முறத்த எடுத்தா."

இதோ எதிரில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுதி முடித்ததும் நோட்டை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். அவளை யாரும் சோதிக்க மாட்டார்கள், கலியமூர்த்தி பெண்டாட்டி. வாய் ஓயாமல் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள்.  ஆனால் தோல் வராமல் ஒரே இறாலை இரண்டு தடவை எடுக்கிறாள்.

"சாயங்காலம் கேப்பாரு. என்னா சொல்லட்டும்?"

"இன்னும் வாயத் தொறக்கலன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா நாளைக்கும் அனுப்புவாரு."

"நாளைக்கும் வா அண்ணி."